அடிக்க அடிக்க இறுகிய வெண்கலம்

மண்ணுக்குள் கிடக்கிற உலோகங்களுக்கும் வாய் இருந்த காலம் அது. பொன் பேசும், ஆனால் கேட்கிறவர் தரம் பார்த்துத்தான் பேசும். செம்பு எதற்கெடுத்தாலும் சலித்துக்கொள்ளும். வெள்ளீயம் கொஞ்சம் சூடு பட்டாலே அழுது உருகிவிடும். இரும்பு மட்டும் செம்மண்ணுக்கு அடியில் தூங்கிக் கிடந்தது. அதை எழுப்பும் வழி அப்போது யாருக்கும் தெரியாது.

மேற்கேயிருந்து வரும் ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில் உலைமேடு என்று ஓர் ஊர். அங்கே சடையன் என்று ஒரு கன்னான் இருந்தான். ஊருக்குப் பாத்திரமும் பண்டமும் செய்து கொடுக்கிறவன். அவன் பெண்டாட்டி ஆவுடை உப்பளத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். சின்ன வயதிலிருந்து உப்பு வாரி வாரித் திரண்ட கை அவளுக்கு. பட்டறையில் துருத்தி ஊதுவது அவள் வேலை. ஆவுடை துருத்தியில் கை வைத்தால் ஒரு நாழிகைக்குள் உலை பழுத்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள்.

அப்போதெல்லாம் சட்டி, கரண்டி, கதிர் அறுக்கிற அரிவாள் எல்லாமே செம்புதான். சடையன் ஒரு சட்டியை முடித்ததும் அவள் பக்கம் நீட்டுவான்.

"எப்படி இருக்கு?"

"வாய் கோணியிருக்கு," என்பாள் ஆவுடை.

அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே திருத்துவான். திருத்திவிட்டு மறுபடியும் நீட்டுவான். "இப்போ?"

"இப்போ சரி."

அந்த 'இப்போ சரி'க்காக அவன் காத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமாகி மூன்று வருஷம் அப்படித்தான் போயிற்று. இருவரும் வேறு கொஞ்சல் பேசிக்கொண்டதில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஒருநாள் மூசைக்குள் செம்பு உருகிக்கொண்டிருந்தது. மூசை என்பது உலோகம் உருக்குகிற மண்குடுவை. செம்பு உருகும்போதும் வாய் ஓயவில்லை. "இந்த வயசுல எனக்கு இந்தச் சூடு தேவையா? தனியாக் கிடந்து வேகணும்னு என் தலையெழுத்தா?" என்று புலம்பிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் தட்டில் வைத்திருந்த வெள்ளீயக் கட்டி, உலையின் வெக்கை பட்டு விசும்பிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து துருத்தி ஊதிய ஆவுடைக்குப் பொறுமை போய்விட்டது.

"அவர் தனியா இருக்கேன்னு அழுறார். நீ சும்மா இருந்தே அழுற. ரெண்டு பேரும் சேர்ந்தாவது அழுங்க," என்று வெள்ளீயத்தை எடுத்து மூசைக்குள் போட்டாள்.

புலம்பலும் நின்றது, விசும்பலும் நின்றது. சடையன் பதறிப்போய் இடுக்கியால் மூசையை எடுத்து மணலில் கவிழ்த்தான். செம்பின் சிவப்பும் இல்லாமல், ஈயத்தின் வெளுப்பும் இல்லாமல், வெயிலில் வைத்த தேன் மாதிரி ஒன்று மணலில் கிடந்தது. அதுதான் வெண்கலம். அது ஆறியதும் முதலில் ஆவுடையைப் பார்த்தது.

"அக்கா," என்றது.

ஆவுடைக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கூடப் பிறந்தவர் யாருமில்லாதவள் அவள். அக்கா என்று யாரும் அவளை அதுவரை கூப்பிட்டதில்லை. வெண்கலம் அடுத்தபடியாகச் சடையன் பக்கம் திரும்பியது.

"அத்தான்," என்றது.

அப்போதுதான் ஆவுடையின் நெஞ்சில் சுருக்கென்று ஏதோ தைத்தது. அக்காள் புருஷன் அத்தான்தானே, முறை சரியாகத்தானே இருக்கிறது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

அன்றைய வெண்கலம் இன்றைக்கு நாம் பார்க்கிற வெண்கலம் இல்லை. பிசைந்த மாவு மாதிரி அவ்வளவு மிருதுவாக இருந்தது. ஆறிய பிறகும் கையால் அழுத்தினால் அழுந்தும், இழுத்தால் நீளும், உருட்டினால் உருளும். சுத்தியும் வேண்டாம், உலையும் வேண்டாம். சடையனுக்குக் கை நிறையத் தேன் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"அத்தான், இன்னைக்கு என்னை என்னவா ஆக்கப் போறீங்க?" என்று விடிந்ததும் கேட்கும் வெண்கலம்.

"இன்னைக்கு நீ அன்னம்," என்பான் சடையன். அவன் விரல் பட்ட இடமெல்லாம் வளைந்து கொடுத்து, கழுத்தும் சிறகுமாக அன்னமாகி நிற்கும். "அழகா இருக்கேனா அத்தான்?" "இருக்கே, இருக்கே." மறுநாள் அன்னம் கலைந்து ஓடமாகும். அதற்கு மறுநாள் தாமரையாகும். ஒன்றாவது நிலைக்க வேண்டுமே! வெயில் ஏறினால் அன்னத்தின் கழுத்து தொங்கிவிடும். கூழ் ஊற்றினால் கிண்ணத்தின் வாய் பிளந்துகொள்ளும். சடையன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கலைந்தால் மறுபடி செய்யலாமே என்றிருந்தான்.

உலை தேவைப்படவில்லை. அதனால் துருத்தியும் தேவைப்படவில்லை. ஆவுடை காலையில் வந்து துருத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். யாரும் அவளை ஊதச் சொல்வதில்லை. எழுந்து போய்விடுவாள்.

ஒருநாள் சடையன் மயில் ஒன்று செய்தான். வழக்கம்போல நீட்டுவான் என்று அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவன் மயிலிடமே கேட்டான்: "எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு அத்தான்!" என்றது மயில்.

ஒரு கால் குட்டை என்று ஆவுடைக்குத் தெரிந்தது. அவளிடம் கேட்டால்தானே சொல்வாள்!

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுக்களையில் நின்றால் காது பட்டறையில் இருக்கும். ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பாள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். அவன் சிரித்து அவள் கேட்டதே அபூர்வம். இப்போது ஒரு நாளைக்குப் பத்து தடவை கேட்கிறாள். எல்லாம் தட்டிக்கு இந்தப் பக்கமிருந்துதான். தலையில் தாழம்பூ வைத்துப் பார்த்தாள். அவன் தும்மினான். அயிரை மீன் குழம்பு வைத்தாள். அது அடுப்பிலேயே ஆறிப்போயிற்று. "கொண்டு வந்து வச்சிட்டுப் போ, பிறகு திங்கிறேன்," என்றான், தலையைத் திருப்பாமலே. ராத்திரி படுத்தால் கண்ணை மூடிக்கொண்டு விரலை மட்டும் எதையோ வளைக்கிற மாதிரி அசைத்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏங்க, அதுகிட்ட அப்படி என்னதான் இருக்கு?"

சடையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவ நான் நினைச்ச பக்கம் வளையுறா. உன்கிட்ட நான் ஒண்ணு சொன்னா, நீ ஒன்பது குத்தம் சொல்லுவே."

'அது' இல்லை, 'அவ'. ஆவுடைக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது.

இதற்குள் வயலில் கதிர் முற்றிவிட்டது. ஊரில் அறுப்புக்கு ஆள் கூட்டுகிறவள் பேச்சி. பெரிய குரல், பெரிய மனசு. அவள் ஒருநாள் காலையில் பட்டறை வாசலில் வந்து நின்று சத்தம் போட்டாள்.

"ஏ சடையா! சாணை பிடிக்கக் கொடுத்த பத்து அரிவாளும் எங்கே? கதிர் தலை சாய்ஞ்சு கிடக்கு. கீழ்க்காத்து திரும்பியாச்சு. நாலு நாள்ல மழை இறங்கிடும். இறங்கிச்சுன்னா நெல்லு சேத்துலயே முளைச்சுப் போகும். அப்புறம் ஊரே ஈரத்துணியை வயித்துல கட்டிக்கிட்டுப் படுக்க வேண்டியதுதான்!"

பத்து அரிவாளும் உருகி வெண்கலத்தோடு சேர்ந்து பல நாளாகிவிட்டது. அது இன்னும் பெரிதாக வேண்டும் என்று அவன்தான் ஊர்ச் செம்பையெல்லாம் மூசையில் போட்டிருந்தான். ஆவுடைக்கு இது தெரியும்.

"செஞ்சு தாரேன் பேச்சியக்கா, செஞ்சு தாரேன்," என்றான் சடையன்.

"எதுல செய்வே? இந்தக் களிமண்ணுலயா?" என்று, அன்றைக்கு மறுபடி மயிலாக நின்ற வெண்கலத்தின் வாலைப் பிடித்து முறுக்கிக் காட்டினாள் பேச்சி. வால் கயிறு மாதிரித் திரிந்து தொங்கியது. "இதை வச்சு கீரை கூட அறுக்க முடியாது." போய்விட்டாள்.

சடையன் அன்றைக்கே புறப்பட்டான். செம்பு தேடிப் போவான் என்று ஆவுடை நினைத்தாள். அவன் மலையடிவாரத்துக்கு வெள்ளீயம் எடுக்கப் போனான். இன்னும் கொஞ்சம் ஈயம் சேர்த்தால் மயிலின் வால் நிற்கும் என்று அவனுக்கு ஒரு யோசனை. போய் வர ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகும். கிளம்பும்போது வானத்தைப் பார்த்தான். லேசாகத் தூறல் விழுந்தது. உள்ளே போய் மரப்பெட்டியைத் திறந்து ஆவுடையின் கூறைப்புடவையை எடுத்து வந்தான். கல்யாணத்தன்று கட்டி, மடித்து வைத்த பிறகு அவள் ஒருநாளும் பிரிக்காத புடவை. அதை உதறி வெண்கலத்தின் மேல் போர்த்தினான்.

"சாரல் படாம பாத்துக்கோ," என்றான் அவளிடம். "போயிட்டு வாரேன்," என்றான் வெண்கலத்திடம்.

அவன் தலை மறையும் வரை ஆவுடை வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்தாள். புடவைக்குள்ளிருந்து வெண்கலம் குரல் கொடுத்தது.

"அக்கா, இந்தப் புடவை மஞ்சள் வாசம் அடிக்குது. எனக்குப் பிடிச்சிருக்கு. நானே வச்சிக்கட்டுமா?"

அது சூதோடு கேட்கவில்லை. அதற்குச் சூது தெரியாது. ஆனால் ஆவுடையின் காதில் அப்படியா விழுந்தது? புடவையை ஒரே இழுப்பில் உருவினாள். மசாலா அரைக்கிற குழவிக்கல் கண்ணில் பட்டது. இரண்டு கையாலும் தூக்கி ஓங்கி மயிலின் நெஞ்சிலேயே போட்டாள்.

"அக்கா!"

கல் முழங்கையளவு உள்ளே அமுங்கியது. வெண்கலம் கல்லைச் சுற்றி அப்படியே வழிந்து நின்றது. பிடுங்கி எடுத்து மறுபடியும் போட்டாள்.

"நான் என்ன தப்பு செஞ்சேன் அக்கா?"

"என்ன தப்பா? என்ன தப்புன்னா கேக்குறே?" மறுபடியும். "வளைஞ்சியே!" மறுபடியும். "சொன்ன பக்கமெல்லாம் வளைஞ்சியே!" மறுபடியும், மறுபடியும். மயில் போயிற்று, கட்டி போயிற்று, அப்பமாயிற்று, தட்டையாயிற்று. உப்பளத்துக் கை ஓயவே இல்லை.

எத்தனை அடி என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அடிக்க அடிக்க ஒன்று மாறிக்கொண்டே வந்தது. முதலில் முழங்கையளவு அமுங்கிய கல், பிறகு விரலளவுதான் அமுங்கியது. பிறகு நகத்தளவு. பிறகு கல் பட்ட இடத்தில் தடமே விழவில்லை. அடித்த வேகத்தில் கல் துள்ளி எழும்பியது. அவள் தோள்வரை அதிர்ந்தது. வெண்கலத்தின் குரலும் மாறியது. முதலில் கெஞ்சியது. பிறகு சொல் சுருங்கி முனகலாயிற்று. பிறகு முனகலும் மெலிந்து மெலிந்து, கூராகி, 'ணங்' என்று ஒரே ஒலியாக நின்றது.

ஆவுடை மூச்சிரைக்க நின்று, தகட்டின் ஓரத்தைப் பிடித்து வளைத்துப் பார்த்தாள். வளைந்தது. கையை விட்டதும் விசுக்கென்று திரும்பி வந்து அவள் மணிக்கட்டில் அறைந்தது. வளைத்த இடத்தில் நிற்கவே மாட்டேன் என்றது. அவளுக்கு இன்னும் ஆத்திரம் மூண்டது. "என்னையே எதிர்க்கிறியா?" என்று இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி ஓரத்தில் ஓர் அடி போட்டாள்.

படீரென்றது. தகடு விளிம்பில் வெடித்து, பிறை மாதிரி ஒரு துண்டு தெறித்துப் போய்த் தூணில் குத்தி நின்றது. போகிற வழியில் அவள் முழங்கையைக் கீறிவிட்டுப் போயிற்று. ரத்தம் சொட்டியது.

பட்டறை அமைதியாகிவிட்டது. ஆவுடை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஆத்திரம் வடிந்ததும் பயம் வந்தது.

"ஏய்," என்றாள் மெதுவாக. பதில் இல்லை. விரலால் தொட்டாள். சில்லென்று இருந்தது. "ஏய், பேசு. ஏதாவது பேசு." தட்டினாள். 'ணங்' என்று ஒலித்து, நடுங்கி நடுங்கி அடங்கியது. வேறொன்றும் சொல்லவில்லை.

அந்நேரம் பார்த்து பேச்சி மறுபடியும் வந்தாள், அரிவாள் கேட்டுச் சண்டை போட. வந்தவள் ரத்தத்தைப் பார்த்துப் பதறி, அவள் கையில் துணியைச் சுற்றிவிட்டு, தூணில் நின்ற பிறைத் துண்டைப் பிடுங்கினாள். பேச்சியின் கட்டைவிரலையும் அது கீறியது.

"யாத்தே! இது என்ன இவ்வளவு கூர்?" வாசலில் நின்ற வாழையில் ஒரு வீச்சு வீசினாள். மட்டை துண்டாக விழுந்தது. துண்டை வளைத்துப் பார்த்தாள். வளைந்து திரும்பி நிமிர்ந்தது. "ஆவுடை! நீயா செஞ்சே? உன் புருஷனுக்கு வராத வேலை உனக்கு வந்துருக்கே! செம்பு அரிவாள் நாலு பிடி அறுத்தா மடங்கிக்கும். இது மடங்கவே இல்லையே! இதே மாதிரி பத்து வேணும் தாயி. நாளான்னைக்குள்ள வேணும்." துண்டைக் குச்சியில் வைத்துக் கட்டிக்கொண்டு வயலுக்கே ஓடினாள்.

ஊருக்கு நல்லது செய்துவிட்டாய் என்று யாரும் இதுவரை ஆவுடையிடம் சொன்னதில்லை. சொன்ன அன்றைக்கு அவள் அதைக் காதில் வாங்கவில்லை. தகட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வெடித்த விளிம்பைத் தடவினாள். இன்னும் பத்து அரிவாள் வேண்டும். இன்னும் ஓர் அடி அடித்தாலும் மிச்சமும் நொறுங்கிவிடும்.

இது எந்த வழியில் பிறந்ததோ அந்த வழியிலேயே போய்க் கேட்போம் என்று நினைத்து உலையை மூட்டினாள். பல நாள் தொடாத துருத்தியில் கை வைத்தாள். கரி கனன்றது. தகட்டை அதன்மேல் வைத்து ஊதினாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி, ஓரம் மங்கலாகச் சிவந்தபோது, வெகு தூரத்திலிருந்து வருவது போல அந்தக் குரல் கேட்டது.

"அக்கா."

ஆவுடை துருத்தியை விட்டுவிட்டாள். "இருக்கியா? பேசுறியா?"

"இருக்கேன். அடி விழ விழ உள்ளுக்குள்ள எல்லாம் கட்டிப் போச்சு அக்கா. வாய் திறக்க வரல. இப்போ சூடு பட்டதும் கொஞ்சம் இளகுது."

அவளுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. அத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த கேள்விதான் முந்திக்கொண்டு வந்தது.

"அவர் உன்கிட்ட என்னதான் பேசினார்?"

வெண்கலம் யோசித்தது. "அன்னமா ஆகுன்னார். ஓடமா ஆகுன்னார். அழகா இருக்கேன்னார்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லையே. நீ என்னவா இருக்க ஆசைப்படுறேன்னு ஒருநாளும் கேட்டதில்ல. நான் கேட்பேன், அவர் சொல்லுவார். எனக்குன்னு ஒரு உருவம் இருந்ததே இல்ல அக்கா. எந்த உருவத்திலயும் ஒருநாளைக்கு மேல இருந்ததும் இல்ல." பிறகு சொன்னது: "பேசு, ஏதாவது பேசுன்னு என்கிட்ட முதல்முதலா கேட்டது நீங்கதான்."

ஆவுடை உலைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். இத்தனை நாள் எதைப் பார்த்து வயிறு எரிந்தாளோ, அதற்கும் அவன் ஒன்றும் கொடுக்கவில்லை. அவன் கைக்கு அது வேலை கொடுத்தது, அவ்வளவுதான். இருவருக்கும் சேரவேண்டிய பிரியத்தை அவன் யாருக்குமே கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறான்.

"உன்னைப் பழையபடி ஆக்கிடட்டுமா?" என்று கேட்டாள்.

"பழையபடி வேண்டாம். கட்டைவிரல் பட்ட இடமெல்லாம் குழிஞ்சுபோற பொழைப்பு வேண்டாம். வலிச்சுதுதான். ஆனா அக்கா, கடைசியில நீங்க வளைச்சப்போ நான் திரும்பி வந்தேனே, அது எனக்குப் பிடிச்சிருந்தது." சூடு குறையக் குறையக் குரல் தேய்ந்தது. அவசரமாகச் சொன்னது: "ஊதுங்க. நல்லா சிவக்கிற வரைக்கும் ஊதுங்க. சிவந்தா பட்ட அடியெல்லாம் மறந்துடும். இளகிடுவேன். அப்புறம் அடிங்க, இறுகுவேன். ரொம்ப இறுகுறதுக்கு முன்னாடி மறுபடி இங்கே கொண்டு வாங்க. கொண்டு வராம அடிச்சா வெடிச்சுப் போவேன்."

"அடி மட்டும்தான் மறக்குமா?"

"அடியும் பேச்சும் ஒரே இடத்துலதான் கிடக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணும் போகும். உங்களையும் தெரியாது, அத்தானையும் தெரியாது."

அத்தானையும் தெரியாது. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆவுடையின் நெஞ்சுக்குள் ஒரு மூலையில் சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அவளே அதைப் பார்த்துக் கூசிப்போனாள். அப்போதே அவளுக்கு இன்னொன்றும் தெரிந்தது: இதற்குப் பிறகு அக்கா என்று அவளைக் கூப்பிட யாரும் இருக்கமாட்டார்கள்.

துருத்தியைப் பிடித்தாள். ஊதினாள். கண்ணீர் கரியில் விழுந்து சுர்ரென்றது. தகடு மங்கல் சிவப்பிலிருந்து செம்பருத்திச் சிவப்புக்கு வந்தது. "அக்கா, போதும்..." என்று ஒரு குரல் ஆரம்பித்து, முடியாமலே நின்றது. ஆவுடை இடுக்கியால் எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். ஆவி அடங்கியதும் எடுத்து வளைத்துப் பார்த்தாள். இளகியிருந்தது. மாவு மாதிரி இல்லை. ஆனால் கைக்கு இணங்கியது. வளைத்த இடத்தில் நின்றது. கூப்பிட்டுப் பார்த்தாள். அதற்கு அவளைத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் சடையன் தோளில் ஈயக் கட்டியோடு வந்தான். மயில் இருந்த இடத்தில் தகட்டைப் பார்த்தான்.

"ஏ, நான் வந்துட்டேன்," என்றான் அதனிடம். "கோபமா? என்னன்னு சொல்லு." அழுத்தினான். விரல் பதியவில்லை. திரும்பினான். "ஆவுடை, என்ன செஞ்சே?"

"அடிச்சேன்."

"எதுக்கு?"

"பொறாமை," என்றாள். சுற்றி வளைக்கவில்லை.

"உனக்குப் புத்தி இருக்கா? அது வெறும் உலோகம்! அதுமேல போய்..."

"வெறும் உலோகத்துக்கா என் கூறைப்புடவையைப் போர்த்தினீங்க?"

அவள் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அடித்ததும், உடைந்ததும், உலையில் அது பேசியதும் எல்லாம். அவன் ஒன்பது குத்தம் என்றானே, அதில் ஒன்றைக்கூட அவள் இப்போது சொல்லவில்லை. "ஒருநாளும் கேட்டதில்லைன்னு சொல்லிச்சு," என்று மட்டும் சொன்னாள். அவன் முகம் கறுத்துவிட்டது.

"வெளியே போ," என்றான். "பத்து அரிவாளையும் நானே செஞ்சுக்கிறேன்."

ஆவுடை வாசலில் புன்னைமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். உள்ளே சுத்திச் சத்தம் ஆரம்பித்தது. முதலில் மந்தமாக இருந்தது. போகப் போக ஒலி ஏறியது. ஏற ஏற அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இப்போது நிறுத்த வேண்டும், இப்போதே நெருப்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவள் கை தானாகத் தூக்கிக்கொண்டது. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படீரென்று சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஏறும் ஒலி. மறுபடியும் படீர். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வயலிலிருந்து பேச்சியின் ஆட்கள் ஒற்றை அரிவாளை மாற்றி மாற்றி வாங்கி அறுக்கிற சத்தம் கேட்டது.

உச்சிப்பொழுதில் சடையன் வெளியே வந்தான். கையில் இரண்டு உடைந்த துண்டு. அவளுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தான். அவன் அப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"எங்கே நிறுத்துறதுன்னு எனக்குத் தெரியல," என்றான்.

அவள் ஒரு துண்டை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"இத்தனை நாள் எதிர்க்காத ஒண்ணோடயே இருந்துட்டேன் ஆவுடை. அடிச்சா திருப்பிச் சத்தம் போடுறது எனக்குப் புரியல. உனக்குப் புரியுது. துருத்திக்கு வா."

"வாரேன்," என்றாள் அவள். "ஆனா நான் போதும்னு சொன்னா சுத்தி அங்கேயே நிக்கணும். இன்னும் ஒண்ணுன்னு சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டேன்."

இருவரும் உள்ளே போனார்கள். வெடித்துப்போன துண்டுகள் கடுமையாக இருந்தன. அவற்றையே உளியாக வைத்து, இளகிய தகட்டைத் துண்டு போட்டார்கள். அவள் ஊதிச் சிவக்க வைப்பாள். அவன் தண்ணீரில் நனைத்து எடுத்து அடிப்பான். அவள் தலையைச் சாய்த்து ஒலியைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒலி கூர்மையானதும், "போதும்," என்பாள். சுத்தி நிற்கும். மறுபடி உலை. கடைசியாக விளிம்பை மட்டும் அடித்து இறுக்கி, நெருப்புக்குக் காட்டாமல் அப்படியே விட்டுவிடுவார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் ஆறு அரிவாள், மறுநாள் காலையில் நாலு.

மழை அன்று பிற்பகலே இறங்கிவிட்டது. கடைசி இரண்டு வயல் தண்ணீருக்குள் போயிற்று. மற்றதெல்லாம் களத்துக்கு வந்து சேர்ந்தது. ஊர் பட்டினி கிடக்கவில்லை.

ஆவுடையின் பொறாமை அதோடு ஒழிந்ததா என்று கேட்டால், இல்லை. சடையன் செய்து முடித்த குடத்தின் வயிற்றை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தால் அவளுக்கு இன்னும் உள்ளே சுருக்கென்னும். எழுந்து வந்து அந்தக் குடத்தை விரல் மடக்கித் தட்டுவாள். எங்கேயாவது கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறாள் என அவன் நினைத்துக்கொள்வான். அவள் கேட்டது அதை மட்டும் இல்லை. 'அத்தான்' என்று ஏதாவது வருகிறதா என்றும் கேட்பாள். 'அக்கா' என்று வராதா என்றும் கேட்பாள். அவளைப் பார்த்து ஊரில் பாத்திரம் வாங்க வருகிறவர்களும் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அந்த நாளில் தொடங்கியதுதான் இதெல்லாம். வெண்கலம் அடிக்க அடிக்க இறுகுகிறது. வளைத்தால் திமிறித் திரும்புகிறது. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் பட்டதையெல்லாம் மறந்து இளகுகிறது. மறக்கவிடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் வெடித்துப் போகிறது. கடையில் யார் தட்டிப் பார்த்தாலும், ஏதோ ஒரு முறைப்பெயரைச் சொல்ல வந்த மாதிரி நெடுநேரம் நடுங்கி, அது இன்னதென்று நினைவு வராமல் மெல்ல அடங்கிவிடுகிறது.